சொல் அறுபது, செல் இருபது

ஜூன் 9

அக்கா,

நேற்றோடு முப்பத்தோரு தடவை போன் செய்துவிட்டேன். கடைசி நான்கு தடவை மணிகூட அடிக்கவில்லை. என் எண்ணை முடக்கிவிட்டாய் என்று புரிந்தது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தாளை முடக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடு.

அந்த வீடியோவைப் பார்த்தேன். பார்க்காதவர்கள் யாருமில்லை. உங்கள் கடை ஷட்டர் பாதி இறங்கி நிற்கிறது, அதற்கடியில் கைகள், கைகள், கைகள். "உள்ள பதுக்கி வச்சிருக்கான்டா!" என்று ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான். அத்தானின் முதுகு தெரிகிறது. ஷட்டர் விழுகிறது. அதற்குப் பிறகு வரும் சத்தத்தைக் கேட்க முடியாமல் ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். உன்னைத்தான் தேடினேன். பதின்மூன்றாவது நொடியில் உன் மூக்குக்கண்ணாடி தரையில் கிடக்கிறது. ஒரு ஷூ அதை மிதித்துக்கொண்டு போகிறது. உன்னைக் காணோம்.

உயிரோடு இருக்கிறாய் என்பதே செய்தியைப் படித்துத்தான் தெரியும். அத்தானுக்கு இப்போது எப்படி இருக்கிறது? பேசுகிறாரா?

எங்கள் அலுவலகம் வெளியிட்ட அறிக்கையை நீயும் பார்த்திருப்பாய். 'இரும்புப் பனி' வீடியோ விளையாட்டின் சிறப்பு வெளியீட்டில் உங்கள் கடைக்கு அறிவித்தபடி எண் குத்திய அறுபது இரும்புப் பெட்டிகள் ஒதுக்கப்பட்டன என்று அதில் இருக்கிறது. இதை எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: கம்பெனி விஷயம் எதையும் என்னிடம் கேட்காதே. விநியோகப் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்பதற்காக எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைக்காதே. வெளியே பேசக் கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

குட்டிக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. குப்புறக் கவிழ்ந்துவிட்டு, மறுபடி நிமிரத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கத்துகிறாள். பிரசவத்துக்கு நீ வரவில்லை என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது உண்மைதான். அந்தக் கோபம் இந்த ஷட்டர் விழுந்ததோடு போய்விட்டது.

பதில் போடு. ஒரு வரி போதும்.

வாலு

*

ஜூன் 13

வாலு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இருபத்தொன்பது வயதில், ஒரு பிள்ளை பெற்ற பிறகு, வாலு. அப்படிப் போட்டால் அக்கா இளகிவிடுவாள் என்று நினைப்பு.

திட்டுவதற்குத் தாள்தான் வசதி. போனில் என்றால் பாதியில் அழுவாய், நான் இறங்கிப் போவேன். தாளில் நீ எவ்வளவு அழுதாலும் எனக்குக் கேட்காது.

உன் அத்தானுக்குப் பதினேழு தையல், நெற்றியிலிருந்து காதுக்குப் பின்னால் வரை. ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியோடு சேர்த்து இடது கையில் விலங்கு. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் காவலுக்கு இருக்கும் போலீஸ்காரர் சாவி தேட வேண்டும். மனுஷன் ஒவ்வொரு தடவையும் முதலில் தப்பான பையில்தான் தேடுகிறார்.

என்ன நடந்தது என்று கேட்கவில்லை நீ. வீடியோவில் பார்த்துவிட்டாயாம். அது நாற்பது நொடி. நடந்தது இருபத்தைந்து நிமிஷம்.

ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. உங்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில்தான் போட்டிருந்தீர்களே, நகரத்திலேயே அதிகம் இந்தக் கடையில்தான், அறுபது பெட்டி, எண் 1401 முதல் 1460 வரை என்று. வெளியீட்டு நேரத்துக்கு முன்னால் சீலை உடைக்கக் கூடாது என்பது உங்கள் நிபந்தனை. உடைக்கவில்லை. பத்து மணிக்கு எல்லோர் எதிரிலும் அட்டைப்பெட்டியை நான்தான் கத்தியால் கீறினேன். மேல் அடுக்கில் இருபது. அடியில் கசக்கிய காகிதம். நான் காகிதத்தைக் கிளறினேன், வாலு. நாய் மண்ணைக் கிளறுவது மாதிரி இரண்டு கையாலும் கிளறினேன்.

இருபதும் போய்விட்டது. இருபத்தொன்றாவது ஆள் சிவப்புத் தொப்பி. லிஃப்ட் பழுது பார்ப்பவர், எட்டு வருஷமாக நம் கடைக்கு அந்தத் தொப்பியோடுதான் வருவார். "தீந்துடுச்சு" என்று உன் அத்தான் சொன்னார்.

"அண்ணே, விளையாடாதீங்க. இன்னும் நாப்பது இருக்கணும்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை.

முதலில் முன்பக்கக் கண்ணாடி போனது. பெட்டி வாங்கிய ஒருவர் அதை வயிற்றில் அணைத்துக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தார், அவர் காதைக் கடித்தார்கள். கடித்தவன் காதை வாயில் வைத்துக்கொண்டே பெட்டியைப் பிடுங்கினான். ஒருத்தி கவுண்டர் மேலே எட்டி என் முடியைப் பிடித்தாள். "எங்க வச்சிருக்க? எங்க வச்சிருக்க? எங்க வச்சிருக்க?" ஒவ்வொரு 'எங்க'வுக்கும் என் முகத்தைப் பலகையில் ஒரு மோது. முன்பல் ஒன்று ஆடுகிறது. பரண்மேல் இருக்கும் என்று நான்கு பேர் ஏறினார்கள். பரண் அவர்களோடு இறங்கி வந்தது.

உன் அத்தான் ஷட்டரை இழுத்தது என்னை இன்னும் நாலு பேர் அடிக்காமல் இருப்பதற்கு. கீழே கை இருந்ததை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கத்தினேன். அந்தக் கூச்சலில் என் கூச்சலும் ஒன்று. சிவப்புத் தொப்பிக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. பிறகு ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியையே பிடுங்கி உன் அத்தானை அடித்தார்கள்.

இப்போது அவர் மேல் என்ன வழக்குத் தெரியுமா? பெட்டிகளைப் பதுக்கினார், கேட்டவன் கையை வேண்டுமென்றே நசுக்கினார். வக்கீல் அம்மா சொல்கிறார்: பதுக்கியது உண்மை என்றால் நசுக்கியதும் வேண்டுமென்றே ஆகிவிடும், ஏழு வருஷம். பதுக்கவில்லை என்றால் விபத்து, வீட்டுக்கு வந்துவிடலாம். எல்லாம் அந்த நாற்பது பெட்டியில் நிற்கிறது. நான் கையெழுத்துப் போட்ட சீட்டில் 'அட்டைப்பெட்டி ஒன்று, சீல் உடையாமல்' என்று மட்டும்தான் இருக்கிறது. உள்ளே எத்தனை என்று இல்லை.

ஒரே கேள்வி. எத்தனை அனுப்பினீர்கள்? பிரசவத்துக்கு வரவில்லை என்ற கோபத்தில் நீதான் குறைத்தாயா? அப்படியென்றால் அதையாவது சொல்லிவிடு.

எதிரில் இருந்திருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். பரவாயில்லை. அது உன் பேரில் இங்கேயே இருக்கட்டும்.

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. வக்கீலிடமும்தான்.

எங்கள் பட்டியலில் ஒவ்வொரு கடைக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றின் தலைப்பு 'சொல்', இன்னொன்றின் தலைப்பு 'செல்'. மேலாளர் வைத்த பெயர்கள், அவருக்கு அதில் தனிப் பெருமை. அந்தக் கடையில் இத்தனை கிடைக்கும் என்று ஊருக்கு அறிவிப்பது சொல். உண்மையில் வண்டியில் ஏறிப் போவது செல். சொல் எப்போதும் செல்லைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். முப்பது என்று சொல்லி இருபது அனுப்புவோம். பெட்டியில் குத்தும் எண்களைச் சொல்லின்படி ஒதுக்கிவிட்டு, மீதியை அந்தந்தக் கடையின் பேர் ஒட்டிக் கிடங்கில் வைத்திருப்போம். இரண்டு மாதம் கழித்து 'கிடங்கில் கண்டெடுத்தோம்' என்று விடுவோம். மறுபடி வரிசை நிற்கும்.

காலியான அலமாரியைப் போல ஒரு விளம்பரம் கிடையாது என்பார் மேலாளர். கொஞ்சம் பேர் வெறுங்கையோடு போக வேண்டும், கொஞ்சம் பேர் கத்த வேண்டும். எந்தக் கடையில் எவ்வளவு கத்தல் போதும் என்று பார்த்து எண் போடுவதுதான் என் வேலை. மூன்று வருஷமாகச் செய்கிறேன். கெட்டிக்காரி என்று பேர்.

உன் கடைக்குச் சொல் முப்பது, செல் இருபது என்று இருந்திருக்க வேண்டும். யாரோ சொல் கட்டத்தில் அறுபது என்று போட்டுவிட்டார்கள். நகரத்தில் வேறெங்கும் முப்பத்தைந்துக்கு மேல் இல்லை. அதனால் எல்லோரும் உன் கடைக்கே வந்தார்கள். செல் மாறவில்லை. உனக்கு வந்தது இருபதுதான். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது.

அந்த நாற்பதும் கிடங்கில் இருக்கிறது, 1421 முதல் 1460 வரை. சேதமான சரக்கு என்று எழுதி, வருகிற 25ஆம் தேதி வியாழக்கிழமை இயந்திரத்தில் போட்டு நசுக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு அப்படி நாற்பது இருந்ததற்கே அடையாளம் இருக்காது.

நான் என்ன செய்ய, சொல்? இந்த வீடு கம்பெனி கொடுத்தது. இவர் சரக்கு லாரி ஓட்டுகிறார், அதுவும் இதே கம்பெனி ஒப்பந்தத்தில். நேற்று வண்டியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னார்: "உங்க அக்கா வீட்டுத் தீயத் தூக்கிட்டு வந்து நம்ம தொட்டில்ல போட்டுடாத." நான் பாட்டிலைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவின பாட்டிலையே மறுபடி கழுவியிருக்கிறேன்.

எனக்குப் பால் குறைந்துவிட்டது. நல்ல தாய் இந்நேரம் எதையாவது செய்திருப்பாள் என்று தோன்றுகிறது. அடுத்த நிமிஷமே, நல்ல தாய் எதையும் செய்யாமல் இருப்பாள் என்றும் தோன்றுகிறது.

வாலு

*

ஜூன் 20

யாரோ. நல்ல பேர். அந்த யாரோவுக்கு அப்பா அம்மா உண்டா?

நசுங்கப் போகிற பெட்டிக்கு ஏழு வரி எழுதியிருக்கிறாய். நசுங்கின விரலுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

இங்கே நடப்பதைக் கேள். உடைந்த ஷட்டரில் எவனோ பெயிண்டால் 1421 என்று எழுதினான். மறுநாள் அதன் பக்கத்தில் 1422. இப்போது 1438 வரை வந்துவிட்டது, கை மாறி மாறி எழுதுகிறார்கள். நாற்பதும் முடிந்ததும் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை மாடி அறைக்குள் கல் வந்தது. நான் வழக்கமாகத் தலை வைக்கும் இடத்தில், தலையணைக்கு நடுவில், முட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது.

என் முகத்தை மோதினாளே, அவள் நேற்று வந்தாள். உடைந்த கடைக்குள் நுழைந்து, ஒவ்வொரு அலமாரியாகக் குனிந்து பார்த்தாள். நான் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் அந்த இரும்புக் கருவியை எடுத்து மூக்கில் அடித்தேன். அதில் பல் இருக்கும், டேப்பை அறுக்கும் பல். இரத்தம் கொட்டியது. எனக்கு நன்றாக இருந்தது. மறைக்க மாட்டேன், மிகவும் நன்றாக இருந்தது. பிறகு துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தேன். துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டு மூக்கடைத்த குரலில் என்ன கேட்டாள் தெரியுமா?

"நாப்பதும் எங்கக்கா வச்சிருக்கீங்க?"

அக்காவாம். நீங்கள் செய்து வைத்திருப்பது இதுதான்.

திங்கட்கிழமை, 29ஆம் தேதி, நீதிபதி முன்னால் உன் அத்தானை நிறுத்துகிறார்கள். அதற்கு முன் நாற்பது எங்கே என்று காட்டாவிட்டால் சிறைக்கு மாற்றிவிடுவார்கள். தையல் போட்ட காயம் ஆறாத தலையோடு. அங்கே சிவப்புத் தொப்பியின் அண்ணன் மகன் இருக்கிறானாம், காத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

உன் கடிதத்தை வக்கீலிடம் காட்டவில்லை. நீ காட்டாதே என்றாய். காட்டினாலும் கையெழுத்தில் 'வாலு' என்றுதானே இருக்கிறது. எந்த நீதிபதி வாலை நம்புவார்?

அக்கா

*

ஜூன் 26

அக்கா,

நேற்று வியாழக்கிழமை. கிடங்குக்குப் போனேன்.

அடையாள அட்டை என்னிடம் இருக்கிறது, குழந்தை இருக்கிறது. மார்போடு கட்டும் பையில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி நடந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள், ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார்கள். கையெழுத்து வாங்க வந்தேன் என்றேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன. முதலில் மூடி வளைகிறது, பிறகு உள்ளே இருக்கும் வட்டு நொறுங்குகிறது. கோழி எலும்பைக் கடிப்பது மாதிரி ஒரு சத்தம். நான் வீடியோவில் அணைத்துவிட்டுப் பார்த்தேனே, அந்தச் சத்தம்தான் அக்கா. இங்கே அணைக்க முடியவில்லை.

வரிசையில் கடைசியாக இருந்ததை எடுத்தேன். 1433. குட்டியின் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் சொருகினேன். இரும்பின் குளிர் பட்டதும் அவள் வீல் என்று கத்தினாள். மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா அது? கைய எடு, காட்டு" என்று வந்து என் தோளைப் பிடித்தார். பையின் வார் இழுபட்டுக் குழந்தை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் தலை இயந்திரத்தின் விளிம்புக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். பெட்டியின் மூலை அவர் வாயில் பட்டது.

பட்டது என்று எழுதிவிட்டேன். இல்லை. அடித்தேன். இரண்டு தடவை. இரண்டாவது அடிக்குத் தேவையே இல்லை, அவர் முதல் அடியிலேயே விட்டுவிட்டார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்ததும் குட்டியை அணைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். பல் ஒன்று என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்தது. நல்லது, கெட்டது எதையும் நினைக்கவில்லை. நீ டேப் கருவியைப் பற்றி எழுதியிருந்தாயே, அது எனக்குப் புரிந்தது.

குட்டிக்கு ஒன்றுமில்லை. காதுக்குக் கீழே சின்னச் சிராய்ப்பு.

இனி அந்த யாரோ. அவளுக்கு அப்பா அம்மா உண்டு. உன் அப்பா, உன் அம்மா.

உன் கடையில் மட்டும் யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நினைத்தேன். பிரசவத்துக்கு வராத கோபத்திலும் அதை நினைத்தேன், நம்பினால் நம்பு. சொல் முப்பது என்று இருக்கட்டும், செல்லில் மட்டும் கள்ளத்தனமாக அறுபது போட்டுவிடுவோம், வந்தவர்கள் எல்லோரும் வாங்கிப் போகட்டும், அக்கா அட்டையைத் திறந்து பார்த்து அசந்துபோகட்டும், அப்போது அவளே போன் செய்வாள் என்று நினைத்தேன். ஒரு கையில் குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தாள். மறு கையால் பட்டியலில் எண்ணைத் தட்டினேன். சொல்லுக்கும் செல்லுக்கும் எழுத்தில் ஒரே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அந்தக் காலை நான் பார்க்கவில்லை. சொல்லில் அறுபது விழுந்தது, செல் இருபதாகவே இருந்தது. திரும்பத் திறந்து சரிபார்த்தால் பதிவாகும், மாட்டிக்கொள்வேன் என்று பயந்து திறக்கவில்லை.

உனக்குக் கொடுக்கப் பார்த்துத்தான் உன் முகத்தைப் பலகையில் மோதினேன். மூன்று விரலை எடுத்ததும் நான்தான். அத்தானின் பதினேழு தையலும் என் கணக்கு.

திங்கட்கிழமை வருகிறேன். பெட்டியும் வரும், இரண்டு கட்டமும் தெரிகிற பட்டியலும் வரும். கேட்டால் என் பேரைச் சொல்லி, நான்தான் போட்டேன் என்பேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார், தடுத்தால் நான் நின்றுவிடுவேனோ என்று பயம்.

அந்த அறையை வைத்திரு. எனக்கு உரியதுதான்.

உன் தங்கை

*

ஜூலை 6

வாலு,

நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பேசி முடித்ததும் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாய். நீ பெட்டியை மேசைமேல் வைத்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மூடியில் காய்ந்திருந்த இரத்தத்தைப் பார்த்து நீதிபதியே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

விபத்து என்று எழுதிவிட்டார்கள். உன் அத்தான் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தார். கடையைத் திறந்துவிட்டோம், புது ஷட்டர். சாயங்காலம் இறக்குவதற்கு முன்னால் குனிந்து, தன் கையைக் கீழே விட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிப் பார்க்கிறார். பிறகு என்னை ஒரு தடவை பார்க்கச் சொல்கிறார். பிறகுதான் இழுக்கிறார். ஷட்டர் இறங்க இப்போது கால்மணி நேரம் ஆகிறது.

உங்கள் கம்பெனி இருக்கிறதே, அதற்கு வெட்கமே கிடையாது. நீ பேசிய நான்காம் நாள், 'இரும்புப் பனி இனி எல்லோருக்கும்' என்று எண் குத்தாத பெட்டிகளை அச்சடித்து லாரி லாரியாக அனுப்பிவிட்டார்கள். சொல்லும் நூறு, செல்லும் நூறு. வாசலில் அடுக்கியிருக்கிறேன். நாய்கூட மோந்து பார்க்கவில்லை. காது கடித்தார்களே, அதே பெட்டி.

ஒன்றே ஒன்று போனது. சனிக்கிழமை சிவப்புத் தொப்பி வந்தார். கையில் பூசணிக்காய் அளவுக்குக் கட்டு. உன் அத்தான் எழுந்து நின்றார். அவரும் நின்றார். நான் டேப் கருவியை மேசைக்கடியில் தள்ளினேன், எனக்கு என்மேலேயே நம்பிக்கையில்லை. அப்புறம் அவர்தான் இடது கையால் ஒரு பெட்டியை எடுத்தார்.

"எப்படிங்க விளையாடுவீங்க?" என்று உன் அத்தான் கேட்டேவிட்டார். புத்தி அவ்வளவுதான்.

"சம்சாரம் பாதி பட்டன், நான் பாதி" என்றார். "நீ அமுக்கலன்னு அவளும், நீதான் அமுக்கலன்னு நானும், இப்பவே அடிதடி." சிரிக்கவில்லை. போகும்போது ஷட்டரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் தாண்டினார்.

உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு கால் மூன்று விரலை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்பதை என்னால் ஒரேயடியாக விழுங்க முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழுங்க வேண்டும். அதற்கு நீ பக்கத்தில் இருந்தால் சௌகரியம்.

அந்த மேற்பார்வையாளர் பல்லுக்காக உன்மேல் வழக்குப் போட்டிருக்கிறாராம், கம்பெனி வீட்டை இந்த மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம், மாப்பிள்ளை வண்டியையும் நிறுத்திவிட்டார்களாம். எல்லாம் வக்கீல் அம்மா சொல்லித்தான் தெரிகிறது. நீ ஒரு வரி எழுதவில்லை. பாட்டில் கழுவிக்கொண்டிருப்பாய்.

கிளம்பி வாருங்கள், மூன்று பேரும். பின்பக்கமாக வர வேண்டாம், ஷட்டர் வழியாகவே வா. பெயிண்ட் எண்கள் பழைய ஷட்டரோடு போய்விட்டன. உள்ளே நுழைந்ததும் குழந்தையை முதலில் உன் அத்தானிடம் கொடுத்துவிடு. அவருக்குக் கையில் எதையாவது பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் போலிருக்கிறது.

உனக்கு இங்கே இரண்டு அறை இருக்கிறது. முதலாவதை வாசலிலேயே வாங்கிக்கொள். இரண்டாவது மாடியில், ஜன்னலுக்குக் கண்ணாடி மாற்றித் தொட்டில் கட்டியாயிற்று.

அக்கா